ஞாபக மறதி: இந்தச் சொல் தப்பா? மறதிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

கேள்வி இதுதான். மறதின்னாலே ஞாபகம் இல்லாம போறதுதான, அப்புறம் எதுக்கு அதுக்கு முன்னாடி இன்னொரு "ஞாபகம்", இது "நடு சென்டர்" மாதிரி ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொல்ற தப்பு இல்லையா, சரியான தமிழ்ல என்ன சொல்லணும், எந்த இடத்துல எதை புழங்கணும்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. நல்ல கேள்வி, பல வருஷமா தமிழ் வாத்தியாருங்களும் பத்திரிகையில பிழை திருத்தறவங்களும் கூட இதுல அடிச்சுக்கறதைப் பார்த்திருக்கேன்.

என் பதில், தப்பே இல்ல. தாராளமா எழுதலாம். ஏன்னு சொல்றேன்.

தமிழ்ல ஒரு குறையைச் சொல்லும்போது அது எதுல இருக்குன்னு முன்னாடி சேர்த்துச் சொல்றது ரொம்பப் பழைய பழக்கம். "கண்ணு குருடு", "காது செவிடு", "வாய் ஊமை", "கால் நொண்டி"ன்னு சொல்லிட்டு இருந்தோம்ல, குருடுன்னா கண்ணுதான், செவிடுன்னா காதுதான், வேற எதுவா இருக்கப் போகுது, ஆனாலும் சேர்த்துத்தான் சொன்னோம். (இந்தச் சொல்லையெல்லாம் இன்னைக்கு மனுஷங்களைப் பார்த்துச் சொல்லக்கூடாது, மாற்றுத்திறனாளின்னுதான் சொல்லணும், இங்க சொல் அமைப்பைக் காட்டறதுக்காக மட்டும் எடுத்தேன்.) அதே வார்ப்புதான் ஞாபக மறதியும். ஞாபகம்ங்கறது இங்க ஏதோ ஒரு நினைவு இல்ல, நினைவு வச்சுக்கற அந்தத் திறன். அந்தத் திறன்ல இருக்கற குறை மறதி. "ஞாபக சக்தி"ன்னு ஒரு பக்கம் சொல்றோம்ல, அதுக்கு நேர் எதிரா நிக்கற சொல் "ஞாபக மறதி". "பொண்ணுக்கு நல்ல ஞாபக சக்தி, பையனுக்குத்தான் ஞாபக மறதி"ன்னு ஒரு அம்மா சொன்னா யாருக்கும் அதுல ஒண்ணும் இடிக்காது.

தெலுங்குல என்ன சொல்றாங்கன்னு பாருங்க, "மதிமருபு". மதின்னா புத்தி, மருபுன்னா மறப்பு, ரெண்டையும் சேர்த்துத்தான் அவங்களும் சொல்றாங்க, அங்க யாரும் இதை கூறியது கூறல்னு சண்டை போடறதா எனக்குத் தெரியல. அதனால இது பக்கத்து பாஷையிலயும் இயல்பா விளைஞ்ச அமைப்புதான், அவசரத்துல பேசி வந்த கோளாறு இல்ல.

சரி, அப்ப ரெண்டும் ஒண்ணேதானான்னா, இல்ல. மறதி பெரிய சொல், ஞாபக மறதி அதுக்குள்ள அடங்கற ஒரு சின்ன சொல். ஒருத்தரோட மூளை, நினைவுத்திறன் சம்பந்தப்பட்ட இடத்துல ரெண்டும் ஓடும்: "அப்பாவுக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சு", "அப்பாவுக்கு ஞாபக மறதி ஜாஸ்தியாயிடுச்சு", வித்தியாசம் இல்ல. "மறதியா குடையை பஸ்லயே வச்சுட்டேன்", "ஞாபக மறதியா வச்சுட்டேன்", இதுவும் ஓடும். ஆனா "ஜனங்களோட மறதிதான் அரசியல்வாதிக்கு மூலதனம்"ங்கற இடத்துல ஞாபக மறதின்னு போட்டுப் பாருங்க, உடனே இடறும், ஏன்னா அங்க ஜனங்களுக்கு மூளையில கோளாறுன்னு சொல்ல வரல. "மறதி மட்டும் இல்லன்னா இந்த துக்கத்தையெல்லாம் தாங்க முடியுமா"ன்னு துக்க வீட்டுல பெரியவங்க சொல்லுவாங்க, அங்கயும் ஞாபக மறதி வராது. ஆக மறதி நல்லதாவும் இருக்கலாம் கெட்டதாவும் இருக்கலாம், ஊருக்கே பொதுவாவும் இருக்கலாம், ஞாபக மறதி எப்பவுமே ஒரு ஆளோட குறை. நான் பார்த்த வரைக்கும் இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடிச்சுக்கிட்டா போதும், எங்க எதைப் போடறதுன்னு தானா வந்துடும்.

எழுத்துப்பிழை பத்தி ஒரு வார்த்தை சொல்லிடறேன், இதுல நிறைய பேர் தடுமாறறாங்க. "நியாபகம்"னு எழுதறாங்க, அது தப்பு, "ஞாபகம்"தான். ஞா-ல ஆரம்பிக்கற சொல் தமிழ்ல கொஞ்சம்தான், ஞாயிறு, ஞாலம், ஞானம்னு விரல் விட்டு எண்ணிடலாம், அதனால வாய்க்கு அது பழகல, நியாயம்ங்கற சொல் பழகியிருக்கு, அது இழுத்துட்டுப் போயிடுது. பேசும்போது நியாபகம்னோ ஞாவகம்னோ சொல்லிட்டுப் போங்க, அதுல ஒண்ணும் இல்ல, எழுத்துல மட்டும் ஞா வேணும். மூலம் சமஸ்கிருதம், அங்க இதுக்கு அர்த்தமே "தெரியப்படுத்தறது, உணர்த்தறது". நினைவுக்கு அவங்க சொல்றது ஸ்மிருதி. இந்த "ஞாபகம் = நினைவு"ங்கற அர்த்தம் தமிழ், தெலுங்கு, கன்னடம்னு நம்ம பக்கத்துலதான் நல்லா வேரூணியிருக்கு. அதனால வடமொழிச் சொல்லாச்சேன்னு ஒதுக்கறவங்களுக்கு நான் சொல்றது, சொல் அங்கேருந்து வந்திருக்கலாம், பொருள் நாம வளர்த்தது. வேணாம்னா நினைவு மறதின்னோ நினைவாற்றல் குறைவுன்னோ எழுதுங்க, அதுவும் நல்ல தமிழ்தான், என்ன, வீட்டுல யாரும் "எனக்கு நினைவாற்றல் குறைவு"ன்னு பேச மாட்டாங்க.

அடுத்தது மறதியில வல்லின ற. மற-ங்கறது மறந்தேன்னு வரும். சின்ன ர போட்ட மர வேற, அது "கால் மரத்துப் போச்சு"ன்னு உணர்ச்சி இல்லாம போறதுக்கு. "மரந்துட்டேன்"னு மெசேஜ்ல பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேக்காது, ஒரே ஒரு எழுத்துதான், மாத்திக்கோங்க. மற கூட தி சேர்ந்து மறதி, தகு-தகுதி, உறு-உறுதி, மிகு-மிகுதி வந்த மாதிரியே. இதே மற-லேருந்து மறப்புன்னும் வரும், மறவின்னும் வரும். மறவியை இப்ப தமிழ்நாட்டுல யாரும் பேசறதில்ல, ஆனா திருக்குறள்ல இருக்கு, "நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும் கெடுநீரார் காமக் கலன்" (605). காலம் கடத்தறது, மறதி, சோம்பல், தூக்கம், இந்த நாலும் கெட்டுப்போகப் போறவன் ஆசையா ஏறிக்கற கப்பல்னு சொல்றாரு. இந்த மறவி எங்க போச்சுன்னா கேரளாவுல பத்திரமா இருக்கு, மலையாளத்துல மறதிக்கு இன்னைக்கும் வீட்டுல பேசற சொல்லே மறவிதான். பாலக்காட்டுல ஒரு டீக்கடையில "மறவி"ன்னு யாராவது சொல்றதைக் கேட்டா திருவள்ளுவர் சொல் காதுல விழுதேன்னு எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருக்கும்.

குறள்னு வந்ததால பொச்சாப்பையும் சொல்லணும், ஏன்னா மறதிக்குச் சுத்தத் தமிழ் என்னன்னு கேட்டா சிலர் உடனே பொச்சாப்புன்னு சொல்லிடறாங்க. "பொச்சாவாமை"ன்னு ஒரு முழு அதிகாரமே இருக்கு, 54-வது, 531லேருந்து 540 வரைக்கும். ஆனா அந்த மறதி பேர் மறக்கறது, சாவியைத் தொலைக்கறது இல்ல. முதல் குறளே "இறந்த வெகுளியின் தீதே சிறந்த உவகை மகிழ்ச்சியிற் சோர்வு"ன்னு ஆரம்பிக்குது, அளவுக்கு மீறின கோபத்தை விட, சந்தோஷ மிதப்புல கடமையைக் கோட்டை விடறது மோசம்னு அர்த்தம். அதாவது ஜெயிச்ச மிதப்பு, பணம் வந்த மிதப்பு, அதுல அசந்துபோறது. அதனாலதான் அது பொருட்பால்ல, ராஜாவுக்குச் சொல்ற இடத்துல இருக்கு. வயசான ஒருத்தருக்கு மருந்து சாப்பிட மறந்துபோறதைப் போய் பொச்சாப்புன்னு எழுதினா அது அந்தச் சொல்லுக்கும் அநியாயம், அந்த மனுஷருக்கும் அநியாயம், ஏன்னா பொச்சாப்புல குற்றம் இருக்கு, ஞாபக மறதியில குற்றம் கிடையாது.

குற்றம் இருக்கா இல்லையாங்கறதை பேச்சுத்தமிழ் எவ்வளவு நுணுக்கமா பிரிக்குதுன்னு கவனிச்சிருக்கீங்களா? "நான் மறந்துட்டேன்", "எனக்கு மறந்து போச்சு". முதல்ல சொன்னதுல நான் செஞ்சேன், பொறுப்பு என்னோடது. ரெண்டாவதுல மறதி தானா நடந்துச்சு, நான் அது நடந்த இடம், அவ்வளவுதான், அதனாலதான் "எனக்கு"ன்னு வருது. கரண்ட் பில் கட்டலையான்னு வீட்டுல கேட்டா "மறந்தே போச்சும்மா"ன்னு சொல்றவன் கொஞ்சம் நழுவறான், "மறந்துட்டேம்மா, இப்பவே கட்டிடறேன்"ங்கறவன் ஏத்துக்கறான். தமிழ் புதுசா கத்துக்கறவங்களுக்கு இதை முதல்லயே சொல்லிக் குடுக்கணும்னு நினைக்கறேன், ஏன்னா இலக்கணப் புத்தகத்துல ரெண்டுக்கும் ஒரே அர்த்தம்னு போட்டுட்டுப் போயிடறாங்க, பேச்சுல அப்படி இல்ல. ஞாபக மறதியும் இந்த "எனக்கு" கூட்டத்துலதான் சேரும், "எனக்கு ஞாபக மறதி", "அவருக்கு ஞாபக மறதி", எப்பவும் நான்காம் வேற்றுமைதான், தலைவலி காய்ச்சல் மாதிரி ஆளுக்கு வர்றது அது.

இன்னொண்ணு, "மறந்தும்". "மறந்தும் கூட அந்தப் பக்கம் போயிடாத தம்பி"ன்னு இன்னைக்கும் சொல்றோம். இதுல மறதியே இல்ல, தப்பித்தவறி கூடன்னு அர்த்தம். "மறந்தும் பிறன்கேடு சூழற்க"ன்னு 204-வது குறள்ல இருக்கறது அப்படியே இதே புழக்கம்தான், ஒரு எழுத்து மாறல.

ஊருக்கு ஊரு சொல் மாறும். தெற்கத்திப் பக்கம் "அயத்துப் போச்சு"ம்பாங்க, அது அயர்த்தல்ங்கற இலக்கியச் சொல், அகராதியிலயே மறத்தல்னு பொருள் இருக்கு, யாரும் அதைக் கொச்சைன்னு நினைச்சு விட்டுடாதீங்க. நாகர்கோவில் பக்கம் போனா நினைவுக்கு ஓர்மைங்கற சொல் உண்டு, "ஓர்மை இல்ல"ன்னா ஞாபகம் இல்ல. யாழ்ப்பாணத்துல "எனக்கு மறதி கூட"ன்னா மறதி அதிகம்னு அர்த்தம், நம்மாளுங்க கேட்டுட்டு "மறதி கூட என்ன?"ன்னு வாக்கியம் முடியறதுக்குக் காத்திருப்பாங்க. அதே ஊர்ல வயசாகி புத்தி தடுமாறிப் போறதுக்கு "அறளை பெயர்ந்து போச்சு"ன்னு ஒரு சொல் இருக்கு. தமிழ்நாட்டுல அதுக்குன்னு தனியா ஒரு சொல் இந்த அளவுக்குப் புழக்கத்துல இல்ல, நாம அதையும் மறதின்னே சொல்லிடறோம்.

இங்கதான் நான் உண்மையிலேயே சொல்ல நினைக்கற விஷயம் வருது. சொல் சரியா தப்பாங்கறதை விட, அந்தச் சொல்லை எதுக்கெல்லாம் போட்டு மூடறோம்ங்கறதுதான் எனக்குக் கவலை.

எங்க பெரியம்மா ஒருத்தங்க, நாப்பது வருஷத்துக்கு மேல அடுப்படியில நின்னவங்க, அவங்க கைப்பக்குவம் எங்க சொந்தத்துல பேர் போனது. ஒருநாள் ரசம் வைக்க நிக்கறாங்க, புளித்தண்ணி கொதிச்சு பொங்குது, கையில அஞ்சறைப்பெட்டி, மூடியைத் திறக்கறாங்க, பார்க்கறாங்க, மூடறாங்க, மறுபடி திறக்கறாங்க. அடுத்து என்ன போடணும்னு தெரியல. வீட்டுல எல்லாரும் "பெரியம்மாவுக்கு ஞாபக மறதி, வயசாச்சுல்ல"ன்னு சொல்லிட்டாங்க. அதுக்கு ஆதாரமா வேற ஒண்ணு சொன்னாங்க, அவங்க கல்யாணத்துக்கு யார் யார் வந்தாங்க என்ன மொய் எழுதினாங்கன்னு அப்படியே ஒப்பிக்கறாங்களே, அப்ப மூளை நல்லாத்தான இருக்குன்னு. அது நல்லா இருக்கறதுக்கு அடையாளமே இல்ல. டிமென்ஷியாங்கற மூளை நோய்ல பழசு ரொம்ப நாள் வரைக்கும் கூட நிக்கும், காலையில சாப்பிட்டது, நேத்து வந்தவங்க, இப்ப கேட்ட கேள்வி, இந்தப் புதுசுங்கதான் முதல்ல பதியாம போகும். பழசு ஞாபகம் இருக்குன்னு நம்பி ரெண்டு மூணு வருஷத்தை விட்டுட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கேன்.

டிமென்ஷியாங்கறது பொதுப்பேரு, அல்சைமர் அதுல அதிகமா வர்ற ஒரு வகை. இதைத் தமிழ்ல "முதுமை மறதி"ன்னு பேப்பர்லயும் போர்டுலயும் எழுதறாங்க. இந்தச் சொல்லை நான் ஆதரிக்க மாட்டேன். முதுமைன்னு போட்டதும் வயசானா எல்லாருக்கும் வர்றதுதானன்னு தோணிடுது, அப்படி இல்ல, எண்பது தொண்ணூறு வயசுலயும் தெளிவா இருக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க. அதே நேரம் வயசாகாதவங்களுக்கும் வரும். ஜெர்மனியில அலாய்ஸ் அல்சைமர்ங்கற டாக்டர் 1901-ல ஃபிராங்ஃபர்ட் ஆஸ்பத்திரியில பார்த்த அந்த முதல் நோயாளி அம்மாவுக்கு வயசு 51, அவங்க 1906-ல இறந்த பிறகு மூளையை ஆராய்ஞ்சு அதே வருஷம் அவர் சொன்னதுதான் இந்த நோய்க்கு ஆரம்பம், 1910-ல எமில் கிரேப்பெலின்ங்கற மனநல டாக்டர் தன்னோட பாடப்புத்தகத்துல அல்சைமர் பேரை வச்சாரு. 51 எங்க முதுமை? அப்புறம் மறதின்னு மட்டும் சொல்றதும் போதாது, வழி தெரியாம போறது, பணக்கணக்கு குழம்பறது, சொல் கிடைக்காம தவிக்கறது, இல்லாத சந்தேகம் படறது, இதெல்லாமும் அந்த நோய்தான். "மறதி நோய்"னு எழுதறது எவ்வளவோ தேவலை, நோய்ங்கற சொல்லாவது இருக்கு, டாக்டர்கிட்ட போகணும்னு தோணும்.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கமும் ஒண்ணு நடக்குது. இருபத்தஞ்சு வயசுப் பிள்ளைங்க போனை எங்க வச்சேன்னு தேடிட்டு "எனக்கு டிமென்ஷியா வந்துடுச்சு போல"ங்கறாங்க. அதுல முக்கால்வாசி மறதியே கிடையாது, கவனம் இல்லாதது. உள்ள போனாத்தான மறக்க முடியும், உள்ளயே போகலன்னா எப்படி மறக்கறது? இதுக்குத் தமிழ்ல அருமையான சொல் இருக்கு, "மனசுல வாங்கல". நீங்க சொன்னதை அவன் மறக்கல, மனசுல வாங்கல. அப்புறம் 2005-ல வந்த கஜினி படத்துக்கு அப்புறம் எதுக்கெடுத்தாலும் "ஷார்ட் டேர்ம் மெமரி லாஸ்"னு சொல்ற பழக்கம் வந்துடுச்சு. அந்தப் படத்துல காட்டினது அடிபட்டதுக்கு அப்புறம் புதுசா எதுவும் நிலைக்காம போற நினைவிழப்பு, அது வேற, தூக்கம் இல்லாம பேர் மறக்கறது வேற. "செலக்டிவ் அம்னீசியா"ன்னு அரசியல் பேச்சுல சொல்றாங்களே, அது மறந்த மாதிரி காட்டிக்கறது, அதுக்குத்தான் நம்மகிட்ட "வசதியா மறந்துட்டாரு"ன்னு அழகா ஒரு வாக்கியம் இருக்கே.

நடுவுல இன்னொரு வகை இருக்கு, மறதி நிஜம், ஆனா காரணம் சரி பண்ணக்கூடியது. வைட்டமின் பி12 குறைஞ்சா, தைராய்டு சுரப்பு குறைஞ்சா, மன அழுத்த நோய் இருந்தா, சில தூக்க மாத்திரைகளால, ஏன், கீழ விழுந்து தலையில அடிபட்டு உள்ள மெதுவா ரத்தம் கட்டினா கூட ஞாபக மறதி வரும், கண்டுபிடிச்சா பெரும்பாலும் சரியாகும் இல்ல குறையும். வயசாச்சுன்னு விட்டா இதுவும் சேர்ந்து தப்பிப் போயிடும்.

அதனால டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகும்போது "ஞாபக மறதி சார்"னு மட்டும் சொல்லி நிறுத்திடாதீங்க, அந்தச் சொல்லுக்குள்ள இவ்வளவு இருக்குன்னு பார்த்தோம்ல. எதை மறக்கறாங்க, எத்தனை மாசமா, ஒரே கேள்வியை ஒரு மணி நேரத்துக்குள்ள திரும்பத் திரும்பக் கேக்கறாங்களா, தெரிஞ்ச தெருவுல வழி தப்பினாங்களா, பழகின சமையலோ கணக்கோ நடுவுல நிக்குதா, நாம எடுத்துக் குடுத்தா "ஆமாமா"ன்னு ஞாபகம் வருதா இல்ல அப்படி ஒண்ணு நடக்கவே இல்லங்கறாங்களா, என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க, சமீபத்துல எங்கயாவது விழுந்தாங்களா, இதையெல்லாம் ஒரு பேப்பர்ல தமிழ்லயே எழுதி எடுத்துட்டுப் போங்க. கூட வர்றது அவங்களோட தினமும் இருக்கறவங்களா இருக்கட்டும், வெளியூர்லேருந்து லீவுக்கு வந்த பிள்ளைக்கு இதுல பாதி தெரியாது.